'மே ஐ கம் இன் மிஸ்?' - வகுப்பறை வாசலில் கற்ற 'மே', நாடாளுமன்றத்தை உலுக்கிய கதை!

காலை மணி 9.10. முதல் பீரியட் தொடங்கிவிட்டது. பஸ் லேட். முதுகில் புத்தகப் பை, கையில் லஞ்ச் பேக், நெற்றியில் வியர்வை. வகுப்பறை வாசலில் வந்து நிற்கும் பிள்ளை, மூச்சு வாங்கிக்கொண்டே ஒரே சொல்லாகச் சொல்லும்: "மேயைகமின்மிஸ்?"

தமிழ்நாட்டுப் பள்ளியில் படித்த யாருக்கும் இந்தக் காட்சியை விளக்க வேண்டியதில்லை. ஆங்கிலம் ஒரு வரிகூடப் பேச வராத வயதிலேயே இந்த ஒரு வாக்கியம் நம் நாக்கில் ஒட்டிக்கொள்கிறது. அதற்கு என்ன அர்த்தம் என்று பல பேர் யோசித்ததுகூட இல்லை. 'அதைச் சொன்னால் மிஸ் உள்ளே விடுவாங்க', அவ்வளவுதான்!

அந்த வாக்கியத்தின் முதல் சொல்தான் இந்தக் கட்டுரையின் நாயகன். 'மே'. ஆங்கிலத்தில் எழுதினால் மூன்றே எழுத்து. ஆனால், இந்தச் சொல்லை மாற்றச் சொல்லி 1963-ல் நாடாளுமன்றத்தில் பெரிய வாதமே நடந்தது. இன்று உங்கள் வீட்டு வாடகை ஒப்பந்தத்திலும், கையில் இருக்கும் ஸ்மார்ட்போன் வேலை செய்யும் விதத்திலும்கூட இந்தச் சொல் உட்கார்ந்திருக்கிறது. எங்கிருந்து வந்தது? எப்படிப் பயன்படுத்துவது? எங்கே ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்? பார்க்கலாம்.

மே மாதத்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

எந்தச் சம்பந்தமும் இல்லை!

கோடை விடுமுறையும் கத்திரி வெயிலும் வரும் மே மாதத்தின் பெயர் லத்தீன் மொழியிலிருந்து வந்தது. 'மாயா' என்ற ரோமானியப் பெண் தெய்வத்தின் பெயரால் அந்த மாதம் அழைக்கப்பட்டதாகச் சொல்வார்கள்.

விமானம் ஆபத்தில் இருக்கும்போது பைலட் மூன்று முறை சொல்லும் 'மேடே' என்ற அழைப்பும் வேறு. அது, 'எனக்கு உதவுங்கள்' என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொற்களின் ஒலியிலிருந்து உருவானது.

நம் வகுப்பறை 'மே' இந்த இரண்டிலும் சேராது. அது அசல் ஆங்கில வினைச்சொல். ஆயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட வயது அதற்கு.

அனுமதி கேட்கும் சொல் அல்ல... பலம் காட்டிய சொல்!

பழைய ஆங்கிலத்தில் 'மகன்' என்று ஒரு வினைச்சொல் இருந்தது. நம் மகனுக்கும் அதற்கும் தொடர்பில்லை, ஒலி மட்டும்தான் ஒன்று. அதன் பொருள் 'வலிமை கொண்டிரு', 'செய்ய முடிகிற நிலையில் இரு'. அதிலிருந்து வந்ததுதான் 'மே'.

ஜெர்மன் மொழியில் 'மாஹ்ட்' என்றால் அதிகாரம், பலம். ஆங்கிலத்தில் 'மைட்' என்ற பெயர்ச்சொல்லுக்கும் பலம் என்றே பொருள். பலசாலியை 'மைட்டி' என்கிறோமே, அதுவும் இந்தக் குடும்பம்தான். 'டிஸ்மே' என்றால் மனம் தளர்தல், திகைத்துப்போதல். 'பலம் பறிபோன நிலை' என்பதுதான் அதன் அடிப்பொருள் என்று சொல்லாராய்ச்சியாளர்கள் விளக்குகிறார்கள். அதற்குள்ளும் ஒளிந்திருப்பது நம் 'மே'யின் மூதாதையே.

அதாவது, ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆங்கிலேயர் இந்தச் சொல்லைச் சொல்லியிருந்தால், 'எனக்குத் திராணி இருக்கிறது' என்று அர்த்தம். இன்று வாசலில் நின்று, 'உள்ளே வரலாமா?' என்று பணிவாகக் கேட்க அதே சொல் பயன்படுகிறது. பலம் காட்டிய சொல் எப்படிப் பணிவுக்கு வந்தது?

காரணம், 'கேன்' என்ற இன்னொரு சொல். பழைய ஆங்கிலத்தில் 'கேன்' என்பதற்கு 'அறிந்திரு' என்றுதான் பொருள். நீச்சல் அறிந்தவரால் நீந்த முடியும், படிக்க அறிந்தவரால் படிக்க முடியும் இல்லையா? அந்த வழியாக, 'முடியும்' என்ற பொருளை 'கேன்' மெல்ல மெல்லப் பிடித்துக்கொண்டது. இடத்தை இழந்த 'மே', பக்கத்தில் இருந்த பொருள்களுக்கு நகர்ந்தது. 'செய்ய முடியும்' என்பதிலிருந்து 'செய்ய வாய்ப்பு இருக்கிறது' என்பதற்கும், 'செய்யத் தடை இல்லை' என்பதற்கும் வந்து சேர்ந்தது.

'ஹி மேஸ்' என்று ஏன் சொல்வதில்லை?

'ஹி கம்ஸ்', 'ஷி கோஸ்' என்று ஒருமையில் 'ஸ்' சேர்க்கச் சொல்லி ஆசிரியர்கள் தலையில் குட்டாத குறையாகச் சொல்லித் தருவார்கள். ஆனால் 'ஹி மேஸ்' என்று யாரும் சொல்வதில்லை. 'கேன்', 'ஷல்' ஆகியவற்றுக்கும் அந்த 'ஸ்' கிடையாது. ஏன்?

சுவாரஸ்யமான காரணம் ஒன்று உண்டு. இவையெல்லாம் மிகப் பழைய காலத்தில் இறந்தகால வடிவங்கள். 'அறிந்தேன்' என்று சொன்னால், 'இப்போது எனக்குத் தெரியும்' என்றும் ஆகிறது அல்லவா? அப்படி, இறந்தகால வடிவமே நிகழ்காலப் பொருளில் நிலைத்துவிட்டது. இறந்தகாலத்தில் 'ஹி வென்ட்' என்றுதானே சொல்கிறோம், 'வென்ட்ஸ்' என்று சொல்வதில்லையே! அந்தப் பழைய அடையாளத்தைத்தான் 'மே' இன்னும் சுமந்துகொண்டிருக்கிறது. பள்ளியில் 'விதிவிலக்கு, மனப்பாடம் பண்ணிக்கோ' என்று சொல்லப்படும் பல விஷயங்களுக்குப் பின்னால் இப்படி ஒரு கதை இருக்கும்.

நம்ம ஊர் 'லாம்'

'மே' என்பதற்குத் தமிழில் அச்சு அசலாக ஒரு ஜோடி உண்டு. தனிச் சொல்லாக இல்லை, வினையின் வாலில் ஒட்டிக்கொண்டு வரும். அதுதான் 'லாம்'.

வரல் + ஆம் = வரலாம். 'வருவது ஆகும்' என்பதுதான் அதன் உள்ளடக்கம். ஆங்கில 'மே' செய்யும் முக்கியமான இரண்டு வேலைகளையும் இந்த 'லாம்' அப்படியே செய்கிறது.

ஒன்று, வாய்ப்பு. "சாயங்காலம் மழை வரலாம்." மழைக்கு யாரும் அனுமதி தரவில்லை. வர வாய்ப்பு இருக்கிறது, அவ்வளவுதான்.

இரண்டு, அனுமதி. "டாக்டர் கூப்பிடுறார், நீங்க உள்ளே போகலாம்." இங்கே வாய்ப்பைப் பற்றிய பேச்சே இல்லை. அனுமதி தரப்பட்டுவிட்டது.

எங்கோ ஒரு குளிர் தேசத்தில் வளர்ந்த மொழியும், இங்கே வளர்ந்த மொழியும், இந்த இரண்டு பொருளையும் ஒரே பாத்திரத்தில் போட்டு வைத்திருப்பது ஆச்சர்யம்தான்.

'மே' செய்யும் மூன்றாவது வேலை, வாழ்த்து. கல்யாணப் பத்திரிகையிலும் பிறந்தநாள் கார்டிலும் 'மே காட் பிளஸ் யூ' என்று அச்சிட்டிருப்பார்கள். 'கடவுள் ஆசீர்வதிக்கட்டும்' என்று பொருள். இதற்குத் தமிழில் 'லாம்' உதவாது. 'வாழ்க', 'வளர்க' என்னும் வியங்கோள் வடிவமோ, '-ட்டும்' என்ற முடிவோதான் வேண்டும். 'கடவுள் ஆசீர்வதிக்கலாம்' என்று மொழிபெயர்த்தால் மாப்பிள்ளை வீட்டார் கோபித்துக்கொள்வார்கள்!

நான்காவது வேலை, ஒன்றை ஒப்புக்கொண்டு அடுத்ததைச் சொல்வது. "அவர் வயசானவரா இருக்கலாம், ஆனா ஞாபகசக்தி அபாரம்." ஆங்கிலத்தில் இதற்கும் 'மே'தான். இங்கே நம் 'லாம்' திரும்பவும் கைகொடுக்கிறது.

எல்லோரும் தடுக்கி விழும் மூன்று இடங்கள்

முதலாவது, 'மேபி'. சேர்த்து எழுதினால் 'ஒருவேளை' என்று பொருள். 'மே', 'பி' என்று பிரித்து எழுதினால் அது வினை. 'ஒருவேளை அவள் வருவாள்' என்பதற்குச் சேர்த்து எழுத வேண்டும். 'அவள் வீட்டில் இருக்கலாம்' என்பதற்குப் பிரித்து எழுத வேண்டும். வாட்ஸ்அப்பில் யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். வேலைக்கான விண்ணப்பக் கடிதத்தில் கண்டுகொள்வார்கள்.

இரண்டாவது, 'மே'யா, 'மைட்'டா? 'மைட்' என்பது 'மே'யின் பழைய இறந்தகால வடிவம். இன்று பல இடங்களில் இரண்டையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்துகிறார்கள். ஆனால், 'ஹேவ்' சேரும்போது கவனம் தேவை. ஒரு விபத்துச் செய்தியில், 'சீக்கிரம் மருத்துவமனைக்குக் கொண்டுபோயிருந்தால் பிழைத்திருப்பார்' என்று எழுத 'மைட் ஹேவ்' போட வேண்டும். அவர் பிழைக்கவில்லை என்பது அதிலேயே தெரிந்துவிடும். 'மே ஹேவ்' என்று போட்டால், பிழைத்தாரா இல்லையா என்பது இன்னும் தெரியவில்லை என்ற அர்த்தம் வந்துவிடும். செய்தியைப் படிக்கும் குடும்பத்தினருக்கு இந்த ஒரு சொல் வித்தியாசம் எவ்வளவு பெரியது என்று யோசித்துப் பாருங்கள்.

மூன்றாவதுதான் பெரிய பள்ளம். 'மே நாட்'. 'யூ மே நாட் என்டர்' என்று போர்டு வைத்தால் 'உள்ளே வரக் கூடாது' என்று தடை. 'ஹி மே நாட் கம்' என்றால் 'அவர் வராமல் போகலாம்' என்று சந்தேகம். ஒன்று தடை, மற்றொன்று சந்தேகம். வடிவம் மட்டும் ஒன்றே. தமிழில் 'வரக் கூடாது', 'வராமல் இருக்கலாம்' என்று இரண்டும் தனித்தனியாக இருப்பதால் நமக்கு இந்தக் குழப்பம் இல்லை. ஆங்கிலத்தில் சூழலை வைத்துத்தான் பிடிக்க வேண்டும்.

இந்தப் பள்ளத்தில்தான் ஒரு காலத்தில் ஒரு மாநிலத்தின் எதிர்காலமே தடுக்கி நின்றது.

'ஷல்' உள்ளே வருகிறது

அந்தக் கதைக்குப் போவதற்கு முன் 'ஷல்' என்ற சொல்லையும் தெரிந்துகொள்ள வேண்டும். 'மே'யின் வேர் பலம் என்றால், 'ஷல்'லின் வேர் கடன்! பழைய ஆங்கிலத்தில் அதற்கு 'நான் தர வேண்டியிருக்கிறது', 'கடன்பட்டிருக்கிறேன்' என்று பொருள். ஜெர்மன் மொழியில் கடனுக்கும் குற்றத்துக்கும் வழங்கும் 'ஷுல்ட்' என்ற சொல் இதன் உறவு.

தமிழிலும் 'கடன்' என்றால் திருப்பித் தர வேண்டிய பணம் மட்டும் அல்ல, செய்தே தீர வேண்டிய வேலையும்தான். காலைக் கடன், நீத்தார் கடன் என்கிறோம் அல்லவா?

அதனால்தான் சட்டத்தில் 'ஷல்' என்றால் 'செய்ய வேண்டும்', 'மே' என்றால் 'செய்யலாம்' என்பது பொதுவான புரிதல். ஒன்று கட்டாயம். மற்றொன்று விருப்பம்.

அரசியல் சட்டத்தில் இரண்டு சொற்கள்

இந்திய அரசியல் சட்டத்தின் 343-வது பிரிவு, ஒன்றிய அரசின் ஆட்சிமொழி பற்றியது. அதை எடுத்துப் படித்தால் இந்த இரண்டு சொற்களும் எப்படி உட்கார்ந்திருக்கின்றன என்று தெரியும்.

தேவநாகரி எழுத்தில் எழுதப்படும் இந்தி ஆட்சிமொழியாக இருக்கும் என்று சொல்லும் இடத்தில் 'ஷல்'. அரசியல் சட்டம் நடைமுறைக்கு வந்த 1950 ஜனவரி 26-லிருந்து 15 ஆண்டுகளுக்கு ஆங்கிலம் தொடர்ந்து பயன்படும் என்று சொல்லும் இடத்திலும் 'ஷல்'. அந்த 15 ஆண்டுகள் முடிந்த பிறகு? ஆங்கிலம் தொடர்வதற்கு நாடாளுமன்றம் சட்டம் இயற்றலாம் என்று சொல்லும் இடத்தில் 'மே'.

அந்த 15 ஆண்டு கெடு 1965 ஜனவரி 26 அன்று முடியவிருந்தது. இந்தி பேசாத மாநிலங்களில், குறிப்பாக அன்றைய சென்னை மாநிலத்தில், அச்சம் எழுந்தது. மத்திய அரசு வேலை, தேர்வு, கடிதப் போக்குவரத்து எல்லாம் இந்தியில் மட்டும் என்றாகிவிட்டால் நம் பிள்ளைகளின் கதி என்ன என்பதுதான் வீடுகளில் எழுந்த கேள்வி. இந்தி பேசாத மக்கள் விரும்பும் வரை ஆங்கிலம் தொடரும் என்று 1959-ல் பிரதமர் நேரு நாடாளுமன்றத்தில் உறுதி தந்திருந்தார். அந்த உறுதியைச் சட்டமாக்கும் முயற்சியாக 1963 ஏப்ரலில் ஆட்சிமொழிகள் மசோதா வந்தது. அதைக் கொண்டுவந்தவர் அப்போதைய உள்துறை அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி.

மசோதாவின் 3-வது பிரிவைப் படித்தவர்களின் கண், ஒரு சொல்லில் நின்றது. 15 ஆண்டு கெடு முடிந்த பிறகும், இந்தியோடு சேர்த்து ஆங்கிலம் தொடர்ந்து பயன்படுத்தப்பட'லாம்'. 'மே'!

அதுவரை அரசியல் சட்டத்தில் ஆங்கிலத்துக்கு இருந்தது 'ஷல்'. இப்போது அந்த இடத்தில் 'மே'.

"அர்த்தம் ஒன்று என்றால், அந்தச் சொல்லையே போடலாமே?"

எதிர்ப்பு எழுந்தது. 'பயன்படுத்தலாம் என்றால், பயன்படுத்தாமலும் இருக்கலாம் என்றுதானே பொருள்? நாளைக்கு வேறொரு அரசு வந்து, சட்டத்தில் கட்டாயம் எதுவும் இல்லையே என்று சொன்னால் என்ன செய்வது?' என்பதுதான் வாதம். அப்போது மாநிலங்களவை உறுப்பினராக இருந்தவர் அண்ணா. தி.மு.க. இந்த 'மே'யைக் கடுமையாக எதிர்த்தது. மக்களவையில் ஆங்கிலோ இந்தியர்களின் பிரதிநிதியாக இருந்த ஃபிராங்க் அந்தோணியும் எதிர்த்தவர்களில் ஒருவர்.

இந்த இடத்தில் 'மே' என்பதற்கு 'ஷல்' என்ற பொருள்தான் என்று விளக்கம் தந்தார் நேரு. உடனே எதிர்த்தரப்பு திருப்பிக் கேட்டது: இரண்டுக்கும் பொருள் ஒன்று என்றால், 'ஷல்' என்றே எழுதிவிடுவதில் என்ன தயக்கம்?

எதிரே இருந்தவர்களுக்கும் ஒரு வாதம் இருந்தது. ஆங்கிலம் நிரந்தரமாகத் தொடரும் என்று கட்டாயமாக எழுதிவிட்டால், இந்தியை ஆட்சிமொழியாக்கும் அரசியல் சட்டத்தின் நோக்கம் அடிபட்டுப்போகும் என்று இந்தி ஆதரவாளர்கள் கருதினர். அவர்களுக்கு 'மே' என்பதே அதிகமாகத் தெரிந்தது.

கடைசியில் சொல் மாறவில்லை. மசோதா நிறைவேறி, 1963-ம் ஆண்டின் 19-வது சட்டமானது. 'மே' அங்கேயே உட்கார்ந்தது.

1964 மே 27 அன்று நேரு மறைந்தார். அவருடைய வாய்மொழி உறுதிக்கு இனி யார் பொறுப்பு என்ற கேள்வி எழுந்தது. சட்டப் புத்தகத்தில் இருந்தது 'லாம்' மட்டும்தானே!

தெருவுக்கு வந்த இலக்கணம்

1965 ஜனவரியில் நடந்தது தமிழ்நாடு மறக்காத வரலாறு. கெடு முடிவதற்கு முதல் நாள், ஜனவரி 25 அன்று மதுரையில் மாணவர் ஊர்வலத்தில் மோதல் வெடித்தது. அது மாநிலம் முழுக்கப் பரவியது. துப்பாக்கிச்சூடுகள் நடந்தன. பல உயிர்கள் பறிபோயின. தீக்குளித்து மாண்டவர்களும் உண்டு. படித்துக்கொண்டிருந்த பிள்ளைகள் வீடு திரும்பாத குடும்பங்களின் துயரம் அந்த வாரங்களில் எழுதப்பட்டது.

பிப்ரவரி 11 அன்று மத்திய அமைச்சர்கள் சி.சுப்பிரமணியமும் ஓ.வி.அளகேசனும் ராஜினாமா கடிதம் கொடுத்தனர். அன்றே பிரதமர் சாஸ்திரி வானொலியில் பேசினார். நேரு தந்த உறுதிமொழிகள் காப்பாற்றப்படும் என்றார். போராட்டம் தணிந்தது.

ஆனால், வானொலியில் சொன்னது சட்டம் ஆகாதே? சட்டத்தில் ஏற வேண்டும் என்ற கோரிக்கை தொடர்ந்தது. 1967 தேர்தலில் காங்கிரஸ் தோற்று, அண்ணா முதல்வரானார். அதே ஆண்டு டிசம்பரில், இந்திரா காந்தி பிரதமராக இருந்தபோது, ஆட்சிமொழிகள் சட்டத்துக்குத் திருத்தம் வந்தது. 1968 ஜனவரியில் குடியரசுத் தலைவர் ஒப்புதல் அளித்தார்.

'மே'யைச் சுற்றி வேலி

அந்தத் திருத்தத்தில்தான் மொழி விளையாட்டின் உச்சம் இருக்கிறது. 3-வது பிரிவில் இருந்த 'மே'யை அவர்கள் எடுக்கவே இல்லை! இன்றும் அந்தச் சொல் அங்கேதான் இருக்கிறது. அதற்குப் பதிலாக, அதைச் சுற்றி 'ஷல்'களால் வேலி போட்டார்கள்.

இந்தியை ஆட்சிமொழியாக ஏற்காத மாநிலத்தோடு ஒன்றிய அரசு தொடர்புகொள்ள ஆங்கிலம் பயன்படுத்தப்பட வேண்டும். அங்கே 'ஷல்'. மத்திய அரசின் தீர்மானங்கள், பொது உத்தரவுகள், விதிகள், அறிவிப்புகள் போன்றவற்றுக்கு இந்தி, ஆங்கிலம் இரண்டும் பயன்படுத்தப்பட வேண்டும். அங்கேயும் 'ஷல்'.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு பூட்டு. இந்தியை ஆட்சிமொழியாக ஏற்காத எல்லா மாநிலங்களின் சட்டமன்றங்களும் ஆங்கிலம் வேண்டாம் என்று தீர்மானம் போட வேண்டும். அதன் பிறகு நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் தீர்மானம் நிறைவேற்ற வேண்டும். அதுவரை இந்த ஏற்பாடுகள் நடைமுறையில் இருக்கும். இங்கேயும் 'ஷல்'தான்.

ஒரே ஒரு மாநிலம் 'முடியாது' என்றால்கூட பூட்டு திறக்காது. 'லாம்' என்ற சொல் அப்படியே இருக்க, அதைத் தன்னிஷ்டத்துக்குப் பயன்படுத்த முடியாதபடி செய்துவிட்டார்கள். இதுவும் போதாது, அரசியல் சட்டத்திலேயே திருத்தம் வேண்டும் என்று அப்போது தமிழ்நாட்டில் குரல்கள் எழுந்தன. 1968 ஜனவரியில் தமிழும் ஆங்கிலமும் என்ற இருமொழிக் கொள்கைத் தீர்மானத்தைச் சட்டமன்றம் நிறைவேற்றியது. ஆட்சிமொழி தொடர்பாக 1976-ல் வந்த மத்திய அரசு விதிகளோ, தொடக்கத்திலேயே 'தமிழ்நாடு நீங்கலாக' என்று சொல்கின்றன.

நீதிமன்றம் என்ன சொல்கிறது?

'மே' என்றால் விருப்பம், 'ஷல்' என்றால் கட்டாயம். இதோடு விஷயம் முடிந்ததா? இல்லை. நேரு சொன்ன விளக்கம் சட்ட உலகில் புதிதும் அல்ல.

1880-ல் இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை முன் ஒரு வழக்கு வந்தது. ஒரு பாதிரியார் மீது தரப்பட்ட புகாரை விசாரிக்க ஆக்ஸ்போர்டு பிஷப் மறுத்துவிட்டார். விசாரிப்பது பிஷப்புக்குச் சட்டப்படி சரியாகும் என்றுதான் சட்டத்தில் இருந்தது. அந்தச் சொற்கள் அதிகாரம் மட்டுமே தருகின்றன, கட்டாயப்படுத்தவில்லை என்று தீர்ப்பானது. கூடவே ஒரு முக்கியமான விஷயத்தையும் சொன்னார்கள். ஓர் அதிகாரம் யாருடைய நன்மைக்காகத் தரப்பட்டதோ, அவர்கள் உரிமையோடு வந்து கேட்கும்போது, அதைப் பயன்படுத்துவது கடமையாகவும் ஆகலாம். அதாவது, சில இடங்களில் 'மே'யும் கட்டாயம் ஆகும்.

இதற்கு நேர் எதிரானதும் உண்டு. அரசு ஊழியர் மீது ஒழுங்கு நடவடிக்கை எடுக்கும்போது தேர்வாணையத்தைக் கலந்தாலோசிக்க வேண்டும் என்கிறது அரசியல் சட்டத்தின் 320-வது பிரிவு. அங்கே இருப்பது 'ஷல்'. ஆனால், உத்தரப் பிரதேச ஊழியர் ஒருவரின் வழக்கில் 1957-ல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், அப்படிக் கலந்தாலோசிக்காததால் மட்டும் நடவடிக்கை செல்லாததாகிவிடாது என்றது. 'ஷல்' என்று இருந்தும் அது முழுக் கட்டாயமாகக் கொள்ளப்படவில்லை.

சொல்லை மட்டும் பார்க்காமல், சட்டத்தின் நோக்கத்தைப் பார்ப்பதே நீதிமன்றங்களின் வழி. இந்தக் குழப்பம் வேண்டாம் என்றுதான் அமெரிக்காவின் மத்திய நீதிமன்றங்களுக்கான சிவில் நடைமுறை விதிகளை 2007-ல் எளிமையாக்கியபோது 'ஷல்' என்ற சொல்லைக் களைந்து, 'மஸ்ட்' போன்ற தெளிவான சொற்களைப் போட்டார்கள்.

உங்கள் போனுக்குள்ளும் 'மே'

இணையத்தில் ஒரு கம்ப்யூட்டர் இன்னொரு கம்ப்யூட்டரோடு பேசுவதற்கு விதிமுறை ஆவணங்கள் இருக்கின்றன. உலகம் முழுக்கப் பொறியாளர்கள் அதைப் படித்துத்தான் மென்பொருள் எழுதுகிறார்கள். 'செய்யலாம்' என்று எழுதியதை ஒருவர் 'செய்ய வேண்டும்' என்று புரிந்துகொண்டால், இரண்டு கருவிகள் ஒன்றோடொன்று பேசாமல் போய்விடும்.

அதனால் 1997 மார்ச்சில் ஓர் ஆவணம் வெளியானது. அதன் எண் 2119. எழுதியவர் ஸ்காட் பிராட்னர். 'மஸ்ட்', 'ஷல்' என்றால் கட்டாயம். 'ஷுட்' என்றால் தகுந்த காரணம் இல்லாமல் மீறாதே. 'மே' என்றால் முழுக்க முழுக்க உன் விருப்பம். இவ்வளவுதான் அதன் சாரம்.

அதோடு விடவில்லை. ஒரு வசதியைச் சேர்க்காமல் விட்டவர், அதைச் சேர்த்தவரோடும் ஒத்துப்போகத் தயாராக இருக்க வேண்டும் என்றும் அது சொல்கிறது. அந்தக் கடைசி வரியில் 'மஸ்ட்'! 'லாம்' என்று சுதந்திரம் தந்தாலும், அடுத்தவரோடு சேர்ந்து வாழ்வது கட்டாயம். கூட்டுக் குடும்பத்துக்கும் பொருந்தும் விதிதான் இது.

கையெழுத்துப் போடும் முன் இதைப் பாருங்கள்

சட்டமும் கம்ப்யூட்டரும் இருக்கட்டும். சாதாரணக் குடும்பத்துக்கு இந்த 'மே' எங்கே உதவும்?

* வாடகை ஒப்பந்தம்: வீட்டைக் காலி செய்யும்போது அட்வான்ஸ் தொகையைத் திருப்பித் தருவது பற்றிய வரியைத் தேடுங்கள். 'ஷல்' அல்லது 'மஸ்ட்' இருந்தால் வீட்டு உரிமையாளர் தந்தாக வேண்டும் என்று பொருள்படும். 'மே' இருந்தால், மாற்றி எழுதச் சொல்லிக் கேளுங்கள்.

* வேலைக்கான ஆஃபர் லெட்டர்: போனஸ், இன்க்ரிமென்ட் பற்றிய வரியில் 'மே' இருந்தால் அது வாக்குறுதி இல்லை, வாய்ப்பு மட்டும்தான். அந்தத் தொகையை நம்பி இ.எம்.ஐ. போடுவதற்கு முன் யோசியுங்கள்.

* கடன், இன்ஷூரன்ஸ் படிவங்கள்: வட்டியை, கட்டணத்தை, நிபந்தனையை நிறுவனம் மாற்றலாம் என்று வரும் இடங்களில் 'மே' யார் பக்கம் இருக்கிறது என்று பாருங்கள்.

* பிள்ளைகளின் ஸ்கூல் சர்க்குலர்: யூனிஃபார்ம், டூர், ஸ்பெஷல் கிளாஸ் பற்றி வரும்போது 'மே' என்றால் உங்கள் விருப்பம். பதறிப்போய்ப் பணம் கட்ட வேண்டியதில்லை.

பெரிய தொகை சம்பந்தப்பட்ட பத்திரம் என்றால், ஒருமுறை வழக்கறிஞரிடம் காட்டிவிடுவது நல்லது. நீதிமன்றம் சொல்லை மட்டும் பார்ப்பதில்லை என்பதைத்தான் மேலே பார்த்தோமே.

ஒரு சின்னச் சோதனையும் உண்டு. எந்த வாக்கியத்தில் 'மே' வந்தாலும், அதற்குப் பக்கத்தில் 'அல்லது செய்யாமலும் இருக்கலாம்' என்று மனதுக்குள் சேர்த்துப் படித்துப் பாருங்கள். அப்படிப் படிக்கும்போது வயிற்றில் லேசாகப் புளியைக் கரைத்தால், அந்த இடத்தில் கேள்வி கேட்க வேண்டும். 1963-ல் நாடாளுமன்றத்தில் செய்யப்பட்டதும் அதே சோதனைதான்.

ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் 'பலம்' என்ற பொருளில் பிறந்த சொல் இது. அந்தப் பலம் இன்றும் அதற்குள் இருக்கிறது. யாருக்கு 'மே' தரப்படுகிறதோ, முடிவெடுக்கும் பலம் அவர் கையில். பத்திரத்தில் அது எதிர்த்தரப்பின் கையில் இருந்தால், நீங்கள் வாசலில் நின்று காத்திருக்க வேண்டும்.

நாளைக் காலையில் எங்கோ ஒரு வகுப்பறை வாசலில், பஸ்ஸைத் தவறவிட்ட ஒரு பிள்ளை, "மேயைகமின்மிஸ்?" என்று கேட்கும். மிஸ் நிமிர்ந்து பார்த்து, "யெஸ், கம் இன்" என்பார். அந்த ஒரு நொடி வரை, பலம் முழுக்க மிஸ் கையில்தான்!